லத்திபாவின் வயிறும் இரண்டு வண்டிகளும்

உத்தமபாளையத்தில் ஏலக்காய் அபுபக்கர் வீட்டில் புது வண்டி எடுப்பதென்றால் முதலில் லத்திபாவின் வயிற்றைக் கேட்க வேண்டும். அபுபக்கரின் தம்பி அஷ்ரப், அஷ்ரப்பின் மனைவி லத்திபா. மேகமலையில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு ஏலத்தோட்டம் இருந்தது. சின்னமனூரிலிருந்து மலை ஏறும் பாதையைப் பாதை என்று சொல்வது அதற்குச் செய்யும் மரியாதை. பழைய ஜீப்பில் ஒருமுறை லத்திபாவைக் கூட்டிப்போனார்கள்; அடிவாரத்துச் செக்போஸ்ட் தாண்டியதும் வாந்தி. அம்பாசடரில் வாந்தி. சுமோவில் வாந்தி. ஸ்கார்ப்பியோ வந்த புதிதில் அஷ்ரப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏற்றிப்போனார். அதிலும் வாந்திதான். பிறகு யாரும் அவளை மலைக்குக் கூப்பிடுவதில்லை.

உள்ளதைச் சொன்னால், லத்திபாவுக்கு எந்த வண்டியிலும் ஒரு நாளும் வாந்தி வந்ததில்லை. அத்தனையும் நடிப்பு.

சும்மா வாயைப் பொத்திக்கொண்டு உவ்வே என்பதல்ல அந்த நடிப்பு. முறையாகச் செய்வாள். முதலில் ஒரு கொட்டாவி. இரண்டு வளைவு கழித்து இன்னொரு கொட்டாவி. அடுத்து எச்சில் ஊறுகிற மாதிரி அடிக்கடி விழுங்குவது. பேச்சை நிறுத்துவது. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவது. அதற்கும் பிறகுதான் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டுவாள். புதர் மறைவில் குந்தி, வாயில் தண்ணீரை ஊற்றிக் கொப்பளித்து நாலு முறை துப்பிவிட்டுச் சோர்ந்துபோய் வருவாள். பார்க்கிறவர்கள் பாவம் என்பார்கள். பொய்யென்றால் எல்லா மலைக்கும் ஒரே பொய்யாக இருக்க வேண்டுமே, குமுளி மலைக்கும் அதே கூத்தை நடத்த வேண்டியதாயிற்று. கட்டப்பனையில் சின்னம்மா மகள் கல்யாணம் நடந்தபோது வீட்டில் எல்லோரும் போக, இவள் மட்டும் உத்தமபாளையத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே ரசம் வைத்துச் சாப்பிட்டாள்.

இத்தனை பாடும் ஒரே ஒரு வீட்டைத் தாண்டிப் போகப் பயந்துதான். ஏறி முடித்ததும் தேயிலை ஆரம்பிக்கும் இடத்தில், ரோட்டோரம், தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் கடைசி வீடு. அங்கே பஞ்சம்மாள் இருந்தாள்.

லத்திபா கல்யாணமாகி வந்தது தொண்ணூற்றாறில். அந்த வருசம் காய் எடுப்புக்கு மாமியார் மலைக்குப் போனபோது புது மருமகளையும் கூட்டிப்போனார். இருபது வயது, பேச்சுத் துணைக்கு ஆளில்லை, மழை விடாமல் பெய்தது. அந்தத் தனிமையில் கிடைத்தவள்தான் காய் பறிக்க வந்த பஞ்சம்மாள். கடமலைக்குண்டுக்காரி. பத்து வயது மூத்தவள். மதியம் ஸ்டோருக்குப் பின்னால், காய் உலர்த்தும் அடுப்பின் வெக்கை சுவர் வழியாக முதுகில் இதமாக ஏறும் இடத்தில் இரண்டு பேரும் உட்காருவார்கள். லத்திபா தேங்காய்ச் சோறு கொண்டுவருவாள். பஞ்சம்மாள் தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு. மாற்றிக்கொள்வார்கள். பஞ்சம்மாள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் எப்படி நடப்பார்கள் என்று நடந்து காட்டுவாள். லத்திபா புரையேறும் வரை சிரிப்பாள். லத்திபாவின் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் சிரித்த மூன்று மாதம் கிடையாது. பின்னாளில் புருசன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தால் சட்டையைக் கழுவப் போடும் சாக்கில் ஒரு நிமிசம் மூக்கில் வைத்துக்கொள்வாள். உலர்ந்த காயும் ஈரமண்ணும் விறகுப்புகையும் கலந்த வாடை.

பஞ்சம்மாளுக்கு மலைப்பாதை ஆகாது. வியாழக்கிழமை ஜீப்பில் ஊருக்கு இறங்கும்போதெல்லாம் குடலே வெளியே வந்துவிடும். கொட்டாவி, எச்சில், முந்தானை, மூடிய கண் எல்லாம் அவளுக்கு உள்ளது. ஒருமுறை கூடவே இறங்கியபோது லத்திபா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே அத்தனையும் பார்த்திருக்கிறாள். வாயில் ஏலக்காயை அடக்கினால் கொஞ்சம் தாங்கும் என்று பஞ்சம்மாள் சொன்னாள். ஏலக்காய் பறிப்பவளுக்கு ஏலக்காய் ஏது. அடுத்த வியாழக்கிழமை மதியம் லத்திபா ஸ்டோரிலிருந்து இரண்டு கை நிறைய உலர்ந்த காயை அள்ளி, அவள் வேண்டாம் வேண்டாம் என்றும் விடாமல், மடியில் முடிந்துவிட்டாள்.

சாயங்காலம் மடி பார்ப்பார்கள் என்பதை இரண்டு பேருமே மறந்து தொலைத்தார்கள். ஏலத்தோட்டங்களில் அது அன்றாட வழக்கம். வேலை முடிந்து பெண்கள் வரிசையில் நிற்க வேண்டும். காயைச் சேலை மடிப்பில் ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று வீட்டுப் பெண் ஒருத்தி தடவிப் பார்ப்பாள். மாமியாருக்கு இடுப்புவலி என்பதால் அந்த வேலை புது மருமகளுக்கு வந்திருந்தது. லத்திபா பஞ்சம்மாளைத் தொட்டும் தொடாமலும் தாண்டி விட்டாள். ஆனால் எதிரே நின்ற அபுபக்கரின் கண்ணில் மடியின் புடைப்புப் பட்டுவிட்டது.

"அங்கன என்ன இருக்கு? அவுத்துப் பாரு" என்றார்.

அவிழ்த்தார்கள். பச்சைப் பசேலென்று நல்ல உருட்டுக் காய். இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை, லத்திபாவைப் பார்த்தாள். லத்திபா தரையைப் பார்த்தாள். புதுப்பெண் கேட்காமல் சரக்கை எடுத்துக் கொடுத்தாள் என்றால் மாமியார் என்ன சொல்லுவாரோ, பெற்ற அத்தா வீடு வரை பேச்சு போகுமோ என்ற பயம். ஒரு நிமிசம்தான். அந்த ஒரு நிமிசம் போனதும், பிறகு சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. அன்றைக்கே பஞ்சம்மாளைத் தோட்டத்தைவிட்டு அனுப்பினார்கள். ஏலத்தோட்டம் எதிலும் அவளைச் சேர்க்கவில்லை. கடைசியில் தேயிலையில் வேலை கிடைத்து, போகிற வருகிற வண்டியெல்லாம் வாசலைத் தொட்டுப் போகும் அந்த லயத்து வீட்டில் குடியேறினாள்.

பதினாலு வருசம் ஓடியது. இரண்டாயிரத்துப் பத்தில் ஏலக்காய் யாரும் காணாத விலைக்குப் போனது. கம்பம் பள்ளத்தாக்கில் அதுவரை பஸ்ஸில் போனவன் பைக் வாங்கினான், பைக்கில் போனவன் கார் வாங்கினான், கார் வைத்திருந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. அபுபக்கரும் அஷ்ரப்பும் கூட்டாக ஒரு ஜெர்மன் வண்டி எடுப்பது என்று முடிவு செய்தார்கள். முடிவு அதோடு நின்றது. அண்ணனுக்கு ஆடி கியூ செவன், தம்பிக்கு பிஎம்டபிள்யூ எக்ஸ் ஃபைவ்.

அஷ்ரப் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை செகண்டில் தொடும் என்று சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடத்தினார். நெல் வண்டியும் திராட்சை லாரியும் ஆட்டு மந்தையும் போகிற கம்பம் ரோட்டில் அந்த வேகத்தை எங்கே வைத்துத் தொடுவது என்று அபுபக்கர் கேட்டார். அபுபக்கருக்குத் தாளில் நம்பிக்கை இல்லை. கொச்சி வரை போய்க் கதவை இருபது தடவை திறந்து சாத்தி, சத்தத்தைக் காதால் கேட்டு, சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, காய்க்குத் தரம் சொல்வதுபோலத் தரம் சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

"ஏழு பேரு ஒக்காரலாம்டா. ஒன் வண்டில ஏறுறதுக்கு முன்னாடி வீட்டுல பாதிப் பேர எங்கன கொண்டுபோயி விடுவே?"

"வளைவுல ஒங்க வண்டி யானை மாதிரி ஆடும்ணே. எங்க வண்டி ரோட்டைக் கவ்விக்கிட்டு நிக்கும். லத்திபாகூட வாந்தி எடுக்காம மலை ஏறிருவா, பாருங்க."

"லத்திபாவா? கட்டுறா பந்தயத்த. எந்த வண்டில அந்தப் புள்ள வாந்தி எடுக்காம தோட்டத்துக்குப் போயிட்டு வருதோ, அந்த வண்டிதான்."

உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்த லத்திபாவுக்குக் கை நின்றது. இரண்டு ஆண்பிள்ளைகள் அரைக்கோடியைத் தாண்டிய இரண்டு வண்டிகளை அவளுடைய பொய்யின் மேல் நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்றும் இருந்தது. அந்த வருசம் அவளும் அஷ்ரப்பும் ஹஜ்ஜுக்குப் போவதாக ஏற்பாடு. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு வருவது வழக்கம். படைத்தவனுக்குச் செய்த குறையைப் படைத்தவன் மன்னிப்பான்; மனுசனுக்குச் செய்ததை அந்த மனுசன்தான் மன்னிக்க வேண்டும். லத்திபா தெருவெல்லாம் போய்க் கேட்டாள். மல்லுக்கு நின்ற பக்கத்து வீட்டு ருக்சானாவிடம்கூடக் கேட்டுக் கட்டிப்பிடித்து அழுதாள். வீட்டுக்கு வந்தால் ஒரே முகம்தான் கண்ணில் நின்றது. அவளிடம் கேட்காமல் போகிற ஹஜ் என்ன ஹஜ் என்று தொழுகைப் பாயில் உட்கார்ந்து யோசித்து யோசித்துத் தலை வெடித்தது.

கொச்சியிலிருந்து இரண்டு வண்டிகளும் வந்தன. வெள்ளை கியூ செவன், கறுப்பு எக்ஸ் ஃபைவ். வண்டிக்கொருவனாக டை கட்டிய விற்பனைப் பையன்கள் கூட வந்திருந்தார்கள். தெருவே கூடி நின்று பார்த்தது. ஏறுவது கஷ்டமா இறங்குவது கஷ்டமா என்று அண்ணனும் தம்பியும் அரைமணி நேரம் சண்டை போட்டு, காசைச் சுண்டிப் போட்டுத் தீர்த்தார்கள். வெள்ளையில் ஏறுவது, கறுப்பில் இறங்குவது.

ஞாயிற்றுக்கிழமை காலை. லத்திபா ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் பிளாஸ்டிக் கவரோடு வெள்ளை வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். அபுபக்கர் முன்னால், டிரைவர் பக்கத்தில். அஷ்ரப் பின்னால் கறுப்பு வண்டியில். அடிவாரம் வந்ததும் பழக்கதோசத்தில் ஒரு கொட்டாவி வந்துவிட்டது.

"ஆரம்பிச்சிருச்சா?" என்று அபுபக்கர் திரும்பினார். விற்பனைப் பையன் பதறிப்போய்ச் சீட்டில் பேப்பரை விரித்தான்.

அடுத்த கொட்டாவியை விட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். லத்திபா வாயை மூடிக்கொண்டாள்.

"இல்ல மச்சான், தூக்கம் பத்தல. நீங்க ஓட்டச் சொல்லுங்க."

வண்டி ஏறியது. சக்கரத்தில் கல் உரசும்போதெல்லாம் பையன்தான் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான். பள்ளத்தாக்கு கீழே இறங்கிக்கொண்டே போனது, சின்னமனூர் வயல்கள் சின்னச் சின்னக் கட்டங்களாயின. அபுபக்கருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மூடுபனி வந்தது, தேயிலை வந்தது. லயத்து வீடுகள் வந்தன. கடைசி வீட்டுக்குப் பத்தடி முன்னால் லத்திபா நிறுத்தச் சொன்னாள். அபுபக்கர் தலையில் கைவைத்தார்.

அவள் இறங்கி நாலு எட்டு வைத்தாள். குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, காரிலிருந்து அவசரமாக ஒரு பெண் இறங்குவதைக் கண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"குனிஞ்சு எடு தாயி, அடக்காத. அடக்குனா தலைவலி வந்துரும்."

முதுகில் கை வைத்தபிறகுதான் முகத்தைப் பார்த்தாள். பஞ்சம்மாளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"பஞ்சக்கா..."

"ஒனக்கு மலை ஏறுனா வாந்தின்னு சொன்னாக. எனக்குள்ள சீக்கு ஒனக்கு எப்படி வந்துச்சுன்னு நெனச்சேன்."

"எனக்கு வாந்தி ஒன்னும் இல்லக்கா. ஒன்னையப் பாத்துத்தான் நடிச்சேன். இந்த வாசலத் தாண்டிப் போகப் பயந்துக்கிட்டு."

பஞ்சம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பதினாலு வருசமாவா?" என்றாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், சொம்புத் தண்ணீர் சேலையெல்லாம் சிந்தியது. லத்திபாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அபுபக்கர் காரிலிருந்து இறங்கி நிற்பதைத் தெரிந்தே சத்தமாகச் சொன்னாள்.

"அன்னைக்கு ஒன் மடில இருந்த காய் நான் குடுத்தது. நான் வாயத் தெறக்கல. பொறுத்துக்கக்கா."

சிரிப்பு நின்றது.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றே? குடுத்தது யாருன்னு வாங்குனவளுக்குத் தெரியாதா? நீ சொல்லுவே சொல்லுவேன்னு அன்னைக்கு ஒன் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். வரிசையில நின்ன பொம்பளைகளுக்குல்ல தெரியாது."

"அவுககிட்டயும் சொல்றேன். இப்பவே. வா, வண்டில ஏறு."

பஞ்சம்மாள் வெள்ளை வண்டிக்குள் தலையை விட்டாள். புதுத் தோல் சீட்டு வாடை மூக்கில் ஏறியதும் தலையை வெளியே எடுத்துவிட்டாள்.

"யாத்தே! இது எனக்கு ஒரு வளைவு தாங்காது. நான் நடந்து வாறேன்."

"அப்ப நானும் நடக்கேன்."

தோட்டம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். பெண்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். பின்னால் வெள்ளை வண்டி, அதன் பின்னால் கறுப்பு வண்டி. ஒதுங்க இடமில்லாத ரோடு. ஹாரன் அடிக்க யாருக்கும் துணிவில்லை. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொடும் இரண்டு ஜெர்மன் என்ஜின்களும் முக்கால் மணி நேரம் உறுமிக்கொண்டு இரண்டு பொம்பளைகள் பின்னால் ஊர்ந்தன. பஞ்சம்மாள் செருப்பில்லாமல் நடந்தாள். நடந்துகொண்டே பதினாலு வருசத்தையும் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை. லயத்தில் ஒரு தோடு காணாமல் போனால் எல்லாக் கண்ணும் அவள் பக்கம் திரும்பும். மகள் நாகஜோதிக்கு அமைந்த நல்ல இடம், அம்மாக்காரி காய் திருடியவளாம் என்ற பேச்சில் தட்டிப்போயிற்று. பிறகு வேறு இடத்தில் கொடுத்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறாள். லத்திபா கேட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு இடத்தில் பஞ்சம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, காரிலிருந்து இறங்கும்போது அபுபக்கர் எப்படி வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார் என்று நடந்து காட்டினாள். அழுதுகொண்டிருந்த லத்திபா புரையேறிச் சிரித்தாள்.

தோட்டத்துக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயிறு வேலை நாள். ஸ்டோர் முற்றத்தில் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு வரிசையில் நின்ற இருபது பேரில் ஏழு பேர்தான் மிச்சம். பஞ்சம்மாளைக் கண்டதும் பேச்சு அடங்கியது. லத்திபா நடு முற்றத்தில் நின்றாள்.

"பஞ்சக்கா காய் எடுக்கல. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். வேணாம்னுச்சு, நாந்தான் மடில முடிஞ்சுவிட்டேன். என் வீட்டு ஆளுகளுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்துட்டேன்."

கூட்டத்தில் மூத்தவளான மாயக்காள் வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள். தன் பக்கத்தில் இருந்த கூடையை எடுத்து அந்தப்புறம் வைத்துவிட்டு இடம் பண்ணினாள். "ஒக்காரு பஞ்சு. சோறு திங்கலாம்" என்றாள்.

அபுபக்கர் முன்னால் வந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனிதர். வேட்டியைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார்.

"பஞ்சம்மா, நாளையிலருந்து வேலைக்கு இங்கனயே வந்துரு."

"வேணாம் மொதலாளி. தேயிலையிலயே இருந்துக்கறேன். அங்கன மடியப் பாக்க மாட்டாக."

அபுபக்கர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வாரத்திலிருந்து அந்தத் தோட்டத்தில் மடி பார்ப்பது நின்றது.

புறப்படும்போது லத்திபா மறுபடி கேட்டாள். "அடுத்த வாரம் ஹஜ்ஜுக்குப் போறேன்க்கா. பொறுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு."

பஞ்சம்மாள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள்.

"போயிட்டு எத்தன நாள்ல வருவே?"

"நாப்பது நாளாகும்."

"நான் பதினாலு வருசம் இருந்தேன்ல. நீ நாப்பது நாள் இரு. வந்து கேளு, சொல்றேன்."

லத்திபா கறுப்பு வண்டியில் இறங்கினாள். பந்தயம் என்று ஒன்று இருந்ததே எல்லோருக்கும் மறந்துவிட்டது. எந்த வண்டி எடுத்தார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு: வெள்ளை. வீட்டில் ஆள் அதிகம் என்று அஷ்ரப்பே சொல்லிவிட்டார்.

மக்காவில் லத்திபா அழுத அழுகையைப் பார்த்துக் கூட வந்தவர்கள் இறைபக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். நாற்பத்தொன்றாம் நாள் ஊர் வந்தாள். பயணக் களைப்புக்கூடத் தீரவில்லை; ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். வழி நெடுக டிரைவரோடு பேசிக்கொண்டே போனாள். லயத்து வாசலில் பஞ்சம்மாள் நின்றிருந்தாள்.

"வந்துட்டேன்க்கா. இப்பச் சொல்லு. பொறுத்துட்டியா?"

"நீ அந்தப் பொம்பளைக முன்னாடி வாயத் தெறந்தியே, அப்பவே பொறுத்துட்டேன்."

லத்திபாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்ப அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? நாப்பது நாளும் நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியுமா?"

"சொல்லியிருந்தா," என்றாள் பஞ்சம்மாள், பேரீச்சம்பழப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே, "நீ மறுபடி என் வீட்டுக்கு வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டாள். அது லத்திபாவுக்கே தெரியும். வாசல்படியில் உட்கார்ந்தாள்.